சொக்கம்பேரித் தண்ணீரின் ருசி

சொக்கம்பேரியில் குடிதண்ணீர் ஆளுக்கொரு ருசியாக மாறியது ஒரு பங்குனி மாதத்துப் புதன்கிழமை காலையில். முந்தின நாள் சாயங்காலம்தான் முப்பிடாதி அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடி, தவசிப்பிள்ளை பிரம்மநாயகத்தின் தங்கை உலகம்மாளுக்குக் கருநாக்கு என்றும், அவள் சொன்னது பலிக்கும் என்றும், ஆகையால் இனி அவளோடு யாரும் பேசக்கூடாது, அவளும் யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்றும் முடிவு கட்டியிருந்தது. இருநூறு தலைகள் ஆடின. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த ஊரில் அடுப்பு மூட்டிச் சமைக்கிற பிரம்மநாயகத்தின் தலையும் அந்த இருநூற்றில் ஒன்றாக ஆடியது, அதை அவர் பிற்பாடு ஒருநாளும் மறுத்ததில்லை.

உலகம்மாள் அப்படி என்ன சொல்லிவிட்டாள் என்றால், பஸ் நிறுத்தத்தில் பீடிக்கட்டோடு நின்றவள், ஊர்த் தலைவர் சண்முகவேலாயுதத்தின் மினி பஸ்ஸைப் பார்த்து, “இந்த டயரை வச்சுக்கிட்டு வண்டி ஊர் போய்ச் சேராது பாத்துக்கோங்க” என்று டிரைவரிடம் சொன்னாள், அவ்வளவுதான். டயர் வழுக்கை மண்டையாகத் தேய்ந்து கிடந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டேதான் ஏறினார்கள். வண்டி கால்வாய்ப் பாலத்தில் வழுக்கித் தலைகீழாகப் போய் மூன்று உயிரைக் கொண்டுபோயிற்று. டயர் தேய்ந்திருந்தது என்று சொன்னால் தலைவர் பதில் சொல்ல வேண்டும், தெரிந்தே ஏறினோம் என்று சொன்னால் ஊரே பதில் சொல்ல வேண்டும், நாக்கு கருப்பு என்று சொன்னால் ஒருத்தி பதில் சொன்னால் போதும். இதில் எது சுலபம் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஆடாத தலை ஒன்றே ஒன்று, தச்சு வேலை செய்யும் கொம்பையாவுடையது. “ஏவே, டயரு தேஞ்சா வண்டி கவிழும். அதைச் சொன்னவ நாக்கு என்ன செய்யும்?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். மறுநாள் காலையில் தெருக்குழாயில் வாயை வைத்துக் குடித்தவன் தூவென்று துப்பி, “என்னவே இது, கடத்தண்ணியால்லா வருது” என்றான். பக்கத்தில் குடத்தோடு நின்ற சண்முகவேலாயுதம் ஒரு கை ஏந்திக் குடித்தார், கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார், விழுங்கினார், மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எனக்கு இனிக்குதே. நேத்துத் தலையாட்டாதவனுக்கு இன்னைக்குக் கரிக்குன்னா, அம்மன் ஆளைப் பிரிச்சுக் காட்டுதாடே.”

அதோடு தீர்ந்தது விஷயம். ஊரோடு ஒத்த எண்ணம் உள்ளவனுக்குத் தண்ணீர் இனிக்கும், தனி எண்ணம் வைத்திருக்கிறவனுக்கு உப்புக் கரிக்கும். தண்ணீர் பரிசோதனைக்கு வந்த அதிகாரியம்மாள் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு, என்ன புகார்?” என்று கேட்டுப் போனாள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் தண்ணீராகவே இருந்தது. காரணம் என்னவென்று யாரும் தோண்டித் துருவவில்லை. அம்மன் காரியத்தில் காரணம் கேட்கிறவனுக்கு என்ன ருசி வாய்க்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கொம்பையாவுக்கு வேலை கொடுக்கிற கை ஒவ்வொன்றாக மடங்கியது, கடைசியில் அவன் உளியையும் ரம்பத்தையும் கட்டிக்கொண்டு வெளியூரில் மகள் வீட்டோடு போய்விட்டான். ஒரே வாரத்தில் சொக்கம்பேரி முழுவதற்கும் தண்ணீர் இனித்துவிட்டது.

பிரம்மநாயகத்துக்கு மட்டும் கரித்தது.

அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். தன் தங்கையின் நாக்கில் விஷம் இல்லை, டயரில்தான் ரப்பர் இல்லை என்பது அவருக்கு மூன்றும் நாலும் ஏழு என்பது மாதிரித் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்ததைத் தலை வரைக்கும் கொண்டுபோக அவருக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று. ஊரோடு ஒட்டாத தவசிப்பிள்ளையை எந்தக் கல்யாண வீட்டுக்காரன் கூப்பிடுவான்? ஆகவே தினமும் கடலைக் குடித்துவிட்டு, “ஆகா, இளநீர்தான்” என்று சொல்லப் பழகினார். அழுகிற கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகை என்று சொல்லுகிற தொழில் அது என்பதால் அவருக்கு நடிப்பும் ஓரளவு வந்தது.

உப்பில்தான் சிக்கல் வந்தது. கரிக்கிற தண்ணீரில் சமைத்தால் குழம்புக்கு உப்பே வேண்டாம். இனிக்கிற தண்ணீரில் சமைக்கிறவர்களுக்கோ வழக்கமான உப்பு வேண்டும். ஆக, யார் வீட்டில் உப்பு வாங்குவது குறைகிறதோ அந்த வீட்டில் ஒரு கரிப்பு நாக்கு இருக்கிறது. இதை முதலில் யோசித்தது யார் என்று தெரியாது, ஆனால் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் யோசித்தது மட்டும் தெரியும், ஏனென்றால் ஞானமுத்து கடையில் அந்த மாதம் போல உப்பு என்றைக்கும் விற்றதில்லை. வாங்குகிறவர்கள் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி, “ரெண்டு பாக்கெட்டாக் கொடுங்க அண்ணாச்சி, வீட்டில உப்பு நிக்கவே மாட்டேங்கு” என்று சத்தமாகக் கேட்டார்கள். மாமியார் மருமகளின் உப்பு மரவையை எட்டிப் பார்த்தாள், மருமகள் மாமியாரின் தொண்டைக் குழியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் போய் ஒரு கை உப்புக் கடன் கேட்பது வேவு பார்க்கிற வேலையாயிற்று. பந்தியில் இலை ஓரத்தில் உப்பு வைக்கிற வழக்கத்தையே ஊர் நிறுத்திவிட்டது, தொட்டவன் யார் தொடாதவன் யார் என்று கண்கள் இலை இலையாக ஓடியதில் ஒருத்தரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

பிரம்மநாயகமும் மூன்று நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்கினார். வாங்கியதைக் கொல்லைத் தென்னை மூட்டில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினார். உப்புப் போட்டால் தென்னை காய்க்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதன்படியே அவர் தென்னை அந்த வருஷம் பாளை பாளையாகத் தள்ளியது. ஊரில் இருந்த மற்றத் தென்னைகளும் அப்படியே குலை தாங்காமல் சாய்ந்து நின்றதை அவர் பார்த்தார். நல்ல மழை, நல்ல எரு என்று நினைத்துக்கொண்டு போனார். தன் உப்பை ஒளிக்கிற அவசரத்தில் இருக்கிறவனுக்கு அடுத்தவன் தென்னை எங்கே கண்ணில் படப்போகிறது!

வீட்டுக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். அவர் மனைவி சிதம்பரவடிவு எப்போதும்போல உப்புப் போட்டுச் சமைத்தாள். அவருக்கு அது உப்புக்கு மேல் உப்பாக ஏறி, ஒவ்வொரு கவளமும் தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. எதிரே அவளும் அதையே சாப்பிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

“என்னட்டி, கண்ணு கலங்கியிருக்கு?” என்பார் அவர்.

“வத்தல் காரம். ஒங்களுக்கு என்ன?”

“எனக்கும் வத்தல்தான்.”

இருபத்தாறு வருஷம் ஒரு பாயில் கிடந்த ரெண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு மோரை மொண்டு மொண்டு குடித்தார்கள். இவள் தலைவர் வீட்டுக்குத் தினமும் பூக்கட்டப் போகிறவள், நம் வாய் எப்போது கோணுகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் இப்படி எதிரே உட்காருகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். அவளுக்கு அவர் மேல் என்ன சந்தேகமோ.

தொழிலில் அவர் நாக்கை நம்புவதை விட்டுவிட்டார். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு, ஒரு படி பருப்புக்கு இவ்வளவு என்று பழைய கணக்கை மனசில் வைத்துக் கையளவாகவே உப்பை அள்ளிப் போட்டார். ருசி பார்ப்பதுபோல் கரண்டியை வாயருகே கொண்டுபோவாரே தவிர நாக்கில் படவிட மாட்டார். சாப்பிட்டவர்கள், “அமிர்தம் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு நாலு தம்ளர் மோர் குடித்தார்கள். வெயில் என்று அவர் நினைத்தார்.

உலகம்மாள் கொல்லை அறையில் தனியாகப் பொங்கித் தின்றாள், தனியாகப் பீடி சுற்றினாள். அவள் வாயிலிருந்து ஒரு வருஷமாக ஒரு சொல் வரவில்லை. கோழி விரட்டுவதற்குக்கூடக் கையைத்தான் தட்டினாள். முப்பத்துநாலு வயசுப் பெண் இருமல் வந்தாலும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் பிரம்மநாயகம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். பாவம், யாருக்குக் கரிக்காவிட்டாலும் அவளுக்குக் கரிக்கும், தன் நாக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்று நினைப்பார். நமக்குத் துணையாக இந்த ஊரில் ஒரு ஜீவன் அந்தக் கொல்லை அறையில் கரிப்பைக் குடிக்கிறது என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் போய் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், கேட்கவில்லை.

மறு வருஷத்துச் சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சண்முகவேலாயுதம் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

“பிரம்மு, பேசாட்டாலும் அவ ஊருக்குள்ள இருக்கது சனங்களுக்கு ஒரு மாதிரி இருக்குவே. தூரத்தில ஒரு விடுதிக்குச் சொல்லி வச்சிருக்கேன், கதியத்த பொம்பளைங்களைப் பாத்துக்கிடுவாவ. ஊர்ச்சோறு முடிஞ்ச கையோட வேன் வந்துரும். ஒனக்குச் சம்மதம்தானே?”

பிரம்மநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. சுற்றி நின்ற நாலைந்து முகங்களிலும் எதுவும் தெரியவில்லை, ஆனால் எல்லாம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன. தலைவர் வீட்டம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கி அண்ணாந்து கடகடவென்று முழுசையும் குடித்தார்.

“இனிக்கு அண்ணாச்சி” என்றார். தங்கையைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கொடையின் கடைசி நாள் மத்தியானம் ஊர்ச்சோறு. வீட்டுக்கு ஒரு படி அரிசி வாங்கி ஒரே அடுப்பில் பொங்கி, ஊர்க்காரர்கள் மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது. வெளியூர் விருந்தாளிகளுக்கு அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. அன்று ஊரில் அடுப்பு ஊதுகிற யாரையும் பந்தியை விட்டு விலக்கக்கூடாது, விலக்கினால் அம்மன் படையலை ஏற்கமாட்டாள். ஆகவே உலகம்மாளுக்கும் பந்தியின் கடைசி இலை உண்டு. வேன் கோயில் வேப்பமரத்தடியில் வந்து நின்றது. பிரம்மநாயகம் விடிந்ததிலிருந்து அண்டாக்களுக்கு நடுவே நின்றார். சோறு, சாம்பார், அவியல், ரசம் என்று கை தன்பாட்டுக்கு வேலை பார்க்க, மனசு முழுக்க அந்த வேனைச் சுற்றியே நின்றது. பொடிசாக இருந்தபோது அவள் ருசி பார்க்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வந்தது நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பிலேயே, ஒரு வருஷமாகச் செய்யாத காரியம், சாம்பார்க் கரண்டியை உள்ளங்கையில் சாய்த்து நக்கிப் பார்த்துவிட்டார். உப்புச் சரியாக இருந்தது. அவியலைப் பார்த்தார், அதுவும் சரி. ரசமும் சரி. இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

பந்தி உட்கார்ந்து, இலை விழுந்து, சோறு விழுந்து, சாம்பார் ஊற்றி முடிந்தபோதுதான் சமையல் மேடைக்கு அடியில் உப்பு மூட்டை கட்டு அவிழாமல் கிடந்ததை அவர் கண்டார்.

உப்புச் சரியாக இருந்தது அவருடைய கரிப்பு நாக்குக்கு. இனிப்பு நாக்குக்காரர்கள் இருநூறு பேருக்கும் இது வெறும் பச்சைத் தண்ணீர்க் குழம்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. குழம்போடு சமைத்தவனும் குப்பையிலே. முதல் கவளம் வாய்க்குப் போனதும் யாராவது ஒருத்தன் “உப்பு!” என்று கத்துவான், எல்லாக் கண்ணும் அடுப்படிக்குத் திரும்பும், கொம்பையா போன வழியில் தானும் கரண்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் கவளம் போயிற்று. யாரும் கத்தவில்லை.

இரண்டாவது கவளம் போயிற்று. பந்தியில் ஒரு பெருமூச்சு எழுந்தது, வெகுநாள் பட்டினி கிடந்தவர்கள் விடுகிற பெருமூச்சு. பிறகு அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பிரம்மநாயகம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிராமல், மோரைத் தொடாமல், விரல் இடுக்கில் வழிந்ததையும் விடாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். ஞானமுத்து இலையை வழித்தார். சண்முகவேலாயுதம், “இன்னும் ரெண்டு கரண்டி விடுங்கடே” என்று மூன்றாவது தடவையாகச் சாம்பார் வாங்கினார். பெண்கள் வரிசையில் சிதம்பரவடிவு, அவருடைய சொந்தப் பெண்டாட்டி, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவியலை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஊரின் தென்னைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஞானமுத்து வீட்டுத் தென்னை, பூசாரி வீட்டுத் தென்னை, தலைவர் வீட்டுக் கொல்லையில் குலை தாங்காமல் முட்டுக் கொடுத்து நின்ற பதினோரு தென்னைகள். அட பாவிகளா, என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னார். அட பாவி, என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார். இருநூறு பேருக்கும் ஒரே எண்ணம், இருநூறு பேரும் அதை ஊருக்கு மாறான எண்ணம் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தார்கள். அப்படியானால் ஊர் என்று இவர்கள் பயந்தது யாருக்கு?

பந்தியின் கடைசியில் உலகம்மாள் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மென்றாள். மறுபடியும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் கைச் சமையலில் குறை வந்து, அது அவருக்கே தெரியாமல் போய், ஊர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு ஆகிவிடுமே என்ற பதைப்பு அவள் முகத்தில் ஓடியது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். பிறகு ஒரு வருஷமாகக் கிடந்து துருப்பிடித்த குரலில், மெதுவாகத்தான், சொன்னாள்.

“அண்ணே, உப்பு.”

பந்தி நின்றுவிட்டது.

“எதுலயும் உப்பு இல்லண்ணே.”

முதலில் எல்லோரும் பயந்தது அவள் நாக்குக்கு. பழக்கம் அப்படி. அந்தப் பயம் இறங்க இறங்க மற்றொன்று ஏறியது. உப்பில்லை என்கிறாள் என்றால் அவளுக்குத் தண்ணீர் இனிக்கிறது. நமக்கு உப்பு இருக்கிறது என்றால்? ஒருத்தர் இலையை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லா இலையும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது, ஒளிக்க ஒரு பருக்கை இல்லை.

சண்முகவேலாயுதம் தொண்டையைச் செருமினார். “ஆமாமா, உப்பு... ஒரு கல்லு கம்மிதான்.”

“மூணு தடவ வாங்கித் தின்னு முடிச்சப்புறமா அண்ணாச்சி?” என்றாள் சிதம்பரவடிவு, பெண்கள் வரிசையிலிருந்து, பளிச்சென்று.

பிரம்மநாயகம் மூட்டையைப் பிரித்து ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு இருநூறு இலைகளையும் தாண்டி நடந்து, தங்கையின் இலை ஓரத்தில் வைத்து, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“உலகு, தண்ணி ஒனக்கு எப்படிட்டி இருக்கு?”

“இனிக்குண்ணே” என்றாள் அவள், தப்புச் செய்துவிட்டவள்போல. “அன்னைக்கிலேருந்து இனிக்கத்தான் செய்யுது. மூணு உசிரை நாந்தானே முழுங்கினேன்?”

பிரம்மநாயகம் அங்கேயே, எச்சில் இலைகளுக்கு நடுவே, சத்தம் போட்டு அழுதார். அடுப்புப் புகை என்று இந்தத் தடவை சொல்லவில்லை. தலை ஆட்டிய ஒருத்தரும் நம்பவில்லை. தலையாட்டச் சொல்லி யாரும் கேட்காத ஒருத்தி, ஊர் முழுவதற்கும் சேர்த்து அதை நம்பியிருக்கிறாள்.

வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று. மறுநாள் காலையில் தெருக்குழாயில் ஆளாளுக்குக் குடித்துப் பார்த்து, இனிக்கிறது, நிஜமாகவே இனிக்கிறது என்று ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொள்ளாத குறைதான். கருநாக்காவது ஒண்ணாவது, அதையெல்லாம் நாங்க அன்னைக்கே நம்பலையே என்று ஊர் சொன்னது. கொம்பையாவை யாரு விரட்டுனா, அவனாத்தானே போனான் என்றும் சொன்னது. சண்முகவேலாயுதம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். இருநூறு தலைகளும் ஆடின, எந்தப் பக்கம் ஆடினால் என்ன, ஆடுவதற்கென்றே இருக்கிற தலைகள்தானே.

பிரம்மநாயகம் ஒரு கை ஏந்திக் குடித்தார். கரித்தது. நாங்க அன்னைக்கே நம்பலை என்ற அந்தச் சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை, தன் தலை ஆடியதையும் அவர் மறக்கவில்லை. சிதம்பரவடிவு தனக்கு இனிக்கிறது என்று சொன்னாள். அது இனிப்பா, சொல்லா என்று அவர் கேட்கவில்லை.

உலகம்மாளுக்கும் அன்றிலிருந்து கரித்தது. ஊர் மொத்தமும் அவளுக்குக் கருநாக்கு இல்லை என்று சொல்லியாயிற்று, அவள் ஒருத்திதான் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஆக ஒரு வீட்டில் ரெண்டு உலை. வடிவு உப்புப் போட்டு ஒரு உலை வைத்தாள். அண்ணன் உப்புப் போடாமல் ஒரு உலை வைத்துத் தங்கையை அடுக்களைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினார். தினமும் காலையில், “இன்னைக்கு எப்படிட்டி இருக்கு?” என்று கேட்பார். “கரிக்குண்ணே” என்பாள் அவள். அவரும், “எனக்கும்” என்பார்.

ஆடி பிறந்து ஒரு நாள், அவள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாரும் கேட்காமல், தானாகவே, வாயைப் பொத்திக்கொள்ளாமல் சொன்னாள்:

“எல்லாம் சரியாப் போயிரும்ணே.”

அவள் சொன்னால் சொன்னது நடக்கும் என்பதை ஒரு நிமிஷம்கூட நம்பாமல் ஒரு வருஷம் உப்பைக் குடித்த பிரம்மநாயகம், கஞ்சிச் சட்டியைக் கையில் பிடித்தபடி, அது மட்டும் உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று முதல்முதலாக ஆசைப்பட்டார்.